கோதண்டபாணி வீட்டுப் பானகம்

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் போகிற வழியில், காந்தி ரோட்டின் மேலேயே இருந்தது கோதண்டபாணியின் சோடாக் கடை. கடை என்று சொன்னாலும் அது அவர் வீட்டின் முன் அறைதான். தெருவைப் பார்த்தபடி சோடா மிஷின், சுவரோரம் மரப்பெட்டிகளில் பாட்டில்கள், அதைத் தாண்டினால் படுக்கிற அறை, சமையல்கட்டு, கொல்லையில் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதை நம்பித்தான் அவர் தொழிலே தொடங்கினார்.

பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மிஷினில் படுக்கவைத்து, மூடியைச் சாத்திக் கைப்பிடியைச் சுற்றுவார். கேஸ் ஏறியதும் உள்ளே கிடக்கும் கோலி எழும்பி வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கும். அதற்காக மிஷின்மேல் நனைத்த சாக்கு போட்டிருப்பார். ஒருதடவை சாக்கையும் மீறி வந்த சில்லு ஒன்று இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. அந்தத் தழும்பால், சும்மா இருக்கும்போதும் எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டவர் போல இருப்பார்.

வியாபாரம் நன்றாக நடந்த காலம் அது. கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, மாமியார் வீட்டுக்காரர்களும் பெண் வீட்டுக்காரர்களும் ஒருவரோடொருவர் முகம் கொடுக்காமல், பசியிலும் கோபத்திலும் வெயிலில் நடந்து வருவார்கள். கோதண்டபாணி கட்டைவிரலால் கோலியை அழுத்தி ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுப்பார். பாதி பாட்டில் காலியாவதற்குள் சம்பந்திகள் பேசத் தொடங்கிவிடுவார்கள். ‘நிக்க இருந்த கல்யாணம் எத்தினியோ நம்ம கடை கலராலதான் நடந்துச்சு’ என்று அவர் சொல்வதுண்டு.

கலரில் அவர் சர்க்கரைதான் போடுவார். ஊரில் மற்றவர்கள் சாக்ரின் போட்டார்கள். சிட்டிகை தூளில் ஒரு குடம் தண்ணீர் இனித்துவிடும். ஆனால் குடித்து முடித்த பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். “அது நாக்க ஏமாத்தற சமாச்சாரம்பா. நாக்கு அப்புறமா கண்டுபுடிச்சிடும்” என்பார் கோதண்டபாணி.

அவருக்கும் ஜெயம்மாளுக்கும் ஒரே குழந்தை. ஏலவார்குழலி என்று அம்மன் பெயர் வைத்து, குழலி என்று கூப்பிட்டார்கள். உடைந்த பாட்டிலிலிருந்து எடுத்த கோலிகளை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, வீடு முழுக்க அதைக் குலுக்கிக்கொண்டே திரிவாள். அறுபத்திரண்டில், அவளுடைய ஏழாவது வயதில், வைகாசி கருடசேவை முடிந்த மறுநாள் அவள் போய்விட்டாள்.

கருடசேவை அன்று வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறி விடியற்காலையில் கோயிலைவிட்டு வெளியே வருவார். காந்தி ரோடு முழுக்கத் தலையாகத் தெரியும். வழிநெடுகப் பந்தல் போட்டுப் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். அன்று கோதண்டபாணிக்குக் கை ஓயாத வியாபாரம். குழலி பந்தல் பந்தலாகப் போய்ப் பானகம் குடித்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வாந்தியும் பேதியும் கண்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக் கைப்பக்குவம் சொன்னார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, உள்ளே எதையும் விடாதே என்பதுதான். விட்டால் அதுவே திரும்பப் போகும், வயிறு காய்ந்தால் தானாக நின்றுவிடும் என்றார்கள். மறுநாள் பகலில், கடைக்கு வழக்கமாக வருகிற சின்னப்பையன் என்பவன் தன் ரிக்‌ஷாவில் குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். கோதண்டபாணி கூடவே ஓடினார். வாசல் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

“கடைசியா பானகம் கேட்டுச்சு. குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கோதண்டபாணி சொன்னார். அப்புறம் எப்போது பேச்சு வந்தாலும் அதையேதான் சொன்னார். ஜெயம்மாள் பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மறு வருஷக் கருடசேவைக்கு அவர் வியாபாரம் பண்ணவில்லை. மிஷினுக்குச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, இரண்டு பித்தளை அண்டா நிறையப் பானகம் கரைத்து வைத்தார். வாலாஜாபாத்துக்குப் போய் முனிரத்தினத்தின் மண்டியில் வெல்லத்தைக் கடித்துப் பார்த்து அவரே வாங்கிவந்தார். சுக்கும் ஏலக்காயும் ஜெயம்மாள் இடித்தாள். பெருமாள் வருவதற்கு முன்னால், கூட்டத்திலிருந்து ஏழு வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தையை ஜெயம்மாள் அழைத்துவருவாள். முதல் டம்ளர் அதற்கு. அது குடித்து முடிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. வருஷம் தவறாமல் இது நடந்தது. ஊரில் அதைக் கோதண்டபாணி வீட்டுப் பானகம் என்றே சொன்னார்கள். மற்றப் பந்தல்களைத் தாண்டி வந்து அங்கே குடித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள்.

எழுபதுக்கு மேல் காலம் ஒரு மாதிரியாகத் திரும்பியது. முதலில் பட்டணத்திலிருந்து வரும் கேஸ் சிலிண்டரின் விலை ஏறியது. அப்புறம் லாரி வாடகை. கோலி பாட்டில் உடைந்தால் புதிது கிடைப்பது அரிதாயிற்று, கிடைத்தாலும் விலையைக் கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிட வேண்டியிருந்தது. சர்க்கரையை ரேஷனில் அளந்து போட்டார்கள், வெளியில் வாங்கினால் இரண்டு பங்கு விலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பெனி கலர் ஐஸ் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தகர மூடியைத் திறப்பதுகூடப் பையன்களுக்கு நாகரிகமாக இருந்தது.

கோதண்டபாணி ஒருதடவை கலருக்கு ஐந்து பைசா ஏற்றினார். வழக்கமாக வருகிற ஆட்கள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

“இன்னாண்ணே, வெலய ஏத்தினியே, கோலியாவது பெருசா போட்டியா?” என்றான் சின்னப்பையன்.

“உனுக்கு எப்ப வெல ஏத்தினேன்? நீ குடிக்கறது ஓசி சோடா.”

“ஓசி சோடாவுக்கும் ஒரு தரம் வேணாமா?”

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே அந்த ஐந்து பைசாவை இறக்கிவிட்டார். புடவை எடுக்க வருகிறவர்களும் இப்போது ஒரு பாட்டிலை வாங்கி இரண்டு பேர் குடித்தார்கள். சில குடும்பங்கள் கடை வாசலில் நின்று, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று மட்டும் கேட்டன. இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. சொம்பில் கொண்டுவந்து கொடுப்பார்.

எழுபத்து மூன்று மழைக்காலத்தில், கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அவர் முதல்முறையாகக் கலரில் சாக்ரின் போட்டார். போட்டுவிட்டு ஒரு பாட்டிலை உடைத்துக் குடித்துப் பார்த்தார். அடிநாக்கில் வந்து நின்றது. அன்று வந்தவர்கள் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக ஒருவன் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாமல்தானா சர்க்கரையைக் கொட்டினோம் என்று இருந்தது. ஜெயம்மாளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கலர் குடிக்கிற பழக்கம் எப்போதும் இல்லை.

பங்குனியில், பின்தெரு மரியம்மாளின் மகனுக்கு வாந்தியும் பேதியுமாக இருந்தது. மரியம்மாள் அரிசி மில்லில் புடைக்கிறவள், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜெயம்மாள்தான் துணைக்கு ஆஸ்பத்திரி போனாள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் திரும்பிவந்த ஜெயம்மாள் வேறு மாதிரி இருந்தாள். சாப்பாடு போடுவாள், பக்கத்தில் உட்காரமாட்டாள். கிணற்றடியில் நிரம்பிய குடத்தைத் தூக்காமல் நின்றுகொண்டிருப்பாள். ‘இன்னா ஆச்சு?’ என்று கேட்டால், ‘ஒண்ணுமில்லீங்க’ என்பாள். சாக்ரின் டப்பாவைக் கண்டுவிட்டாள் என்றுதான் கோதண்டபாணி நினைத்தார். டப்பாவை மிஷினுக்கு அடியிலிருந்து எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

வைகாசி பிறந்ததும் வாலாஜாபாத் போனார். முனிரத்தினம் உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

“இந்த வருஷமும் பானகமாண்ணே?”

“வுட முடியுமா?”

“வெல்லத்த கேக்காத. தங்கத்த கேளு, எடுத்துக் குடுத்துடறேன்” என்ற முனிரத்தினம், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ஒரு மூட்டை எடுத்துக்கினு போ. துட்டு மெதுவா குடு.”

கோதண்டபாணி வேண்டாமென்று தலையாட்டினார். “எம்பொண்ணு பேர்ல செய்யறத கடன்ல செய்யக்கூடாதுப்பா.”

கையில் இருந்ததற்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வாங்கினார். இரண்டு அண்டாவுக்கு அது நிறம் கொடுக்கும். ருசி கொடுக்காது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பொட்டலம் குழந்தை கனம்கூட இல்லை. ஐயம்பேட்டையில் யாரோ இடம் கேட்டார்கள். அதை இன்னும் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். வருகிற வழியிலேயே பரண்மேல் இருக்கிற டப்பா அவர் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, “வெல்லம் கெடச்சிட்ச்சா?” என்று ஜெயம்மாள் கேட்டபோது, “கெடச்சிட்ச்சு” என்றார்.

கருடசேவை அன்று இருட்டோடு எழுந்தார். கிணற்றில் இறைத்து அண்டாக்களை நிரப்பினார். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, ஜெயம்மாள் சுக்கு எடுத்துவர உள்ளே போன சமயத்தில் மடியிலிருந்து சாக்ரின் மடித்த காகிதத்தை எடுத்துத் தட்டினார். தூள் விழுந்த இடம் தெரியவில்லை. கரண்டியால் வெகுநேரம் கலக்கினார். ருசி பார்க்கக்கூடாது, சாமிக்கு வைத்தது.

விடிந்தது. தூரத்தில் மேளம் கேட்டது. கூட்டம் ரோட்டின் இரண்டு ஓரமும் அடைந்து நின்றது. ஜெயம்மாள் இறங்கிப் போய் ஒரு பெண் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துவந்தாள். ரெட்டைச் சடை, எண்ணெய் வழிகிற நெற்றி. பின்னாலேயே அதன் தகப்பன், தோளில் துண்டோடு, கிராமத்து ஆள்.

கோதண்டபாணி முதல் டம்ளரை மொண்டு கொடுத்தார். குழந்தை இரண்டு கையாலும் வாங்கி ஒரு வாய் குடித்தது. நிறுத்தியது. முகம் சுருங்கியது.

“கசக்குதுப்பா.”

“ஏ, சாமி பானகம். அப்டியெல்லாம் சொல்லக்கூடாது, குடி” என்றான் தகப்பன்.

குழந்தை மறுபடியும் டம்ளரை வாயில் வைத்தது. தகப்பன் சொன்னதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் பார்த்தது. ஜெயம்மாள் குனிந்து டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டாள். தானே ஒரு வாய் குடித்தாள். அப்புறம் கோதண்டபாணியைப் பார்த்தாள்.

“செத்த இருங்க, வர்றோம்” என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, அவள் உள்ளே போனாள். அவர் பின்னால் போனார். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“வெல்லம் கெடைக்கலியா?”

“கெடச்சுது. பத்தல.”

“என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நிறுத்திடலாம்னுவே. எப்டி நிறுத்தறது? புள்ள கடைசியா வாய்வுட்டு கேட்டது அது ஒண்ணுதான்.”

ஜெயம்மாள் டம்ளரை மிஷின்மேல், ஈரச் சாக்கின்மேல் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“புள்ள பானகம் கேக்கல” என்றாள். “தண்ணி கேட்டுச்சு.”

அவர் மிஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னுச்சு. நான் டம்ளர எடுத்துக்கினு வந்தேன். நீங்கதான் கையப் புடிச்சிக்கினீங்க. குடுத்தா போயிடும், காலைல வரைக்கும் பல்ல கடிச்சிக்கினு இருடின்னீங்க. நானும் கீழ வச்சிட்டேன். நீங்க பானகம்னு சொல்லிக்கினு இருந்தீங்க. சொல்லிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். இத்தினி வருஷமா பெரியவங்க சொன்னதத்தான் செஞ்சோம்னு நானும் இருந்தேன். மரியம்மா புள்ளைய கூட்டிக்கினு போனப்ப அந்த நர்சம்மா கத்துது. எவ சொன்னா தண்ணிய நிறுத்தச் சொல்லி, தண்ணி இல்லாமத்தான் இதுங்க சாவுதுன்னு. ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா உப்பும் சர்க்கரையும் போட்டு தண்ணிதான் குடுத்துச்சு. நான் பாத்துக்கினு நின்னேன். மத்தியானத்துக்கெல்லாம் புள்ள எழுந்து உக்காந்துச்சு.”

மேளம் நெருங்கிவிட்டிருந்தது. கோதண்டபாணி சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். குழந்தை கேட்ட அந்த ராத்திரியும் அவை நிரம்பித்தான் இருந்தன. இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் குழந்தை படுத்திருந்தது, இந்தப் பக்கம் கூரைவரைக்கும் தண்ணீர் இருந்தது. அவருக்கு இப்போது குழலியின் குரல் கேட்டது. பன்னிரண்டு வருஷம் கேட்காமல் இருந்த குரல். பானகம் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல அதன் வாயில் ஈரம் இருந்திருக்காது. அன்று அவர் கைக்குள் ஜெயம்மாளின் மணிக்கட்டு இருந்தது. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பதுகூட நினைவுக்கு வந்தது.

அவர் கீழே உட்காரப் போனார். ஜெயம்மாள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஜனம் வருது. வெளியில அந்தக் கொழந்த நிக்குது. அண்டாவ கழுவலாம், ஒரு பக்கம் புடிங்க.”

ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து அண்டாக்களைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்ச் சாய்த்தார்கள். பானகம் வாழைக்கு ஓடியது. புளி போட்டுத் தேய்க்க நேரம் இல்லை. இரண்டு தடவை அலசினாள் ஜெயம்மாள். அவர் இறைத்தார். கயிறு கையில் நழுவியது, மறுபடி பிடித்து இறைத்தார். கண் மறைத்தாலும் கை தானாக வேலை செய்தது, முப்பது வருஷப் பழக்கம்.

அண்டாக்கள் பந்தலுக்குத் திரும்பியபோது குடைகள் தெரிந்தன. கூட்டம் முழுக்கக் கையைத் தலைக்குமேல் கூப்பியது. கருடன் வந்தது, பெருமாள் வந்தார். கோதண்டபாணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரெட்டைச் சடைக் குழந்தைக்கு எதிரில் குனிந்து உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்.

“இன்னாது?” என்றது அது, சந்தேகத்தோடு.

“தண்ணிமா. வெறுந்தண்ணி. கெணத்துத் தண்ணி.”

குழந்தை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தது. இருட்டோடு கிளம்பி நடந்து வந்த குழந்தை. மூச்சுவிடாமல் குடித்தது. டம்ளரின் அடி தெரிய அண்ணாந்து, கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டு, காலி டம்ளரை அவரிடம் நீட்டியது.

“இன்னும்.”

அவர் மொண்டு கொடுத்தார். அதுவும் காலியாயிற்று. மறுபடி மொண்டார்.

“போதும்டி, வயிறு வலிக்கும்” என்றான் தகப்பன்.

“கேக்கட்டும்பா. கேக்கறவரைக்கும் குடிக்கட்டும்” என்றார் கோதண்டபாணி.

அதற்குப் பிறகு மத்தியானம்வரை அவர் மொண்டுகொண்டே இருந்தார். ஜெயம்மாள் இறைத்துக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் சிலர் டம்ளருக்குள் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனாலும் குடித்தார்கள். வைகாசி வெயில் அப்படி.

பெருமாள் கோயிலுக்குத் திரும்பிப் போய், ரோட்டில் கூட்டம் கலைந்து, குப்பை மட்டும் கிடந்த நேரத்தில், கோதண்டபாணி படுக்கிற அறைத் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் வாயில் எதுவும் படவில்லை. உதடு வெடித்திருந்தது. ஜெயம்மாள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து எதிரில் நின்றாள்.

“வேணாம்” என்றார்.

“குடிங்க.”

“வேணாம்மா. எனக்கு வேணாம்.”

அவள் டம்ளரை இன்னும் கிட்டே நீட்டினாள். “நீங்க குடிக்காம இருந்தா, அது குடிச்சதாயிடுமா?” என்றாள்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, வாய்விட்டு அழுதுகொண்டே குடித்தார். முடிக்கும்வரை அவள் நின்று, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு வாய்க்கும், அந்தத் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அதுதான் அவரால் பொறுக்க முடியாததாக இருந்தது.

அவர் அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருந்தார். கடையும் அப்படி இப்படி என்று நடந்தது. கலர் போடுவதை நிறுத்திவிட்டு வெறும் சோடா மட்டும் போட்டார். பாட்டில்கள் ஒவ்வொன்றாக உடைய, உடைந்த பாட்டிலின் கோலியை மட்டும் எடுத்துக் கழுவிப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்தார். தண்ணீர் கேட்டு நிற்கிற குடும்பங்களுக்கு இப்போது சொம்பு போதவில்லை என்று கடை வாசலில் ஒரு மண்பானை வைத்தார்.

ஒவ்வொரு கருடசேவைக்கும் அவர் வீட்டுப் பந்தலில் அண்டா இரண்டும் இருந்தன. முதல் டம்ளருக்கு ஒரு பெண் குழந்தையும் வந்தது. அண்டாவில் மட்டும் தண்ணீர்தான்.

தண்ணீர் வைக்கத் தொடங்கிய மறு வருஷம் சின்னப்பையன் வந்து டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான். அவனும் வயதாகித் தளர்ந்திருந்தான்.

“இன்னாண்ணே, வெறுந்தண்ணியா வச்சிருக்கிற? குழலிக்குன்னு பானகம் இல்ல ஊத்துவே?”

கோதண்டபாணி கரண்டியை அண்டாவுக்குள் விட்டபடி இருந்தார். ஜெயம்மாள் அவரைப் பார்த்தாள்.

“வெல்லம் வெல ஏறிப்பூட்ச்சாண்ணே?”

“ஆமாம்பா” என்றார் கோதண்டபாணி. “ஏறிப்பூட்ச்சு.”